மனைவியை இக்கரைக்கு அழைத்தல்

நிக்காஹ் முடிந்தது, மஹரும் கொடுத்தாயிற்று, ஊர் ஜமாஅத்தின் தப்தரில் கையெழுத்தும் போட்டாயிற்று. இனி என் மனைவியை நான் இருக்கும் ஊருக்கு அழைத்துக்கொள்ள வேறொருவரிடம் அனுமதி கேட்பானேன் என்று நம் வாலிபர்களில் சிலர் வினவுகின்றனர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதனுள்ளே இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. நிக்காஹ் செல்லுமா செல்லாதா என்பது மார்க்கத்தின் ஹுக்கும். ஒரு நாட்டின் எல்லைக்குள் யார் வரலாம், எத்தனை நாள் தங்கலாம் என்பது அந்நாட்டின் சட்டம். முன்னது நிறைவேறிவிட்டதனால் பின்னது தானாக நிறைவேறிவிடாது. இதை அறியாமலோ, அறிந்தும் வெளியே சொல்லாமலோ நிக்காஹ் செய்துகொண்டவர்களால் அக்கரையில் ஆண்டுக்கணக்காகக் காத்துக் கிடக்கும் பெண்கள் நம் சமூகத்தில் உண்டு. அவர்களை முன்னிட்டே இப்பாடம் எழுதப்படுகிறது.

மார்க்கம் விதிக்கும் கடமை

மனைவிக்குச் செலுத்த வேண்டிய நபகா என்றவுடன் மாதாமாதம் அனுப்பும் பணமே நம் நினைவுக்கு வருகிறது. பிக்ஹு நூல்களோ உணவு, உடை, உறைவிடம் ஆகிய மூன்றையும் சேர்த்தே பேசுகின்றன. திருக்குர்ஆனின் 65ஆம் அத்தியாயமாகிய சூரத்துத் தலாக்கின் 6ஆம் ஆயத்து, தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருக்கும் பெண்ணைக்கூடக் கணவன் தன் சக்திக்கு இயன்றபடி குடியமர்த்த வேண்டும் என்று பணிக்கிறது. விலகிப்போகும் பெண்ணுக்கே இந்த உரிமை உண்டென்றால், சேர்ந்து வாழ வந்தவளின் உரிமை அதனினும் குறைந்ததாக இருக்க முடியாது. அவ்வுறைவிடமும் பத்துப் பேர் பாய் விரித்துப் படுக்கும் கூடமாக இருந்தால் போதாது. அவள் தன் உடைமைகளை வைத்துத் தாழிட்டுக்கொள்ளத் தக்க தனியிடமாக இருக்க வேண்டும் என்பர் பிக்ஹுக் கலைஞர்கள்.

பிரிந்திருப்பதற்கும் ஓர் அளவு உண்டு. மனைவியை அணுகுவதில்லை என்று சத்தியம் செய்தவனுக்குச் சூரத்துல் பகராவின் 226ஆம் ஆயத்து நான்கு மாதத் தவணை வைக்கிறது. அதற்குள் அவன் அவளிடம் மீள வேண்டும். இல்லையேல் விடுவிக்க வேண்டும். இடையிலே தொங்கவிட வழியில்லை. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கலீபாவாக இருந்தபோது, இரவில் நகர்வலம் வருகையில், போர்முனைக்குச் சென்ற கணவனை நினைந்து ஒரு பெண் தனிமையில் பாடிக்கொண்டிருந்ததைச் செவியுற்றதாக அறிவிக்கப்பட்டுள்ளது. அவர்கள் தம் புதல்வியார் ஹஜ்ரத் ஹப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று விசாரித்து, அதற்கேற்பப் படைவீரர்கள் வீடு திரும்ப வேண்டிய தவணையை வகுத்தார்கள். அத்தவணை நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. எண்ணைக் காட்டிலும் நாம் கவனிக்க வேண்டியது, ஒரு பேரரசை ஆண்ட தலைவர் இதனை ஒரு குடும்பத்தின் சொந்தச் சங்கதி என்று தள்ளிவிடாமல் ஆட்சிக்குரிய விஷயமாகக் கருதினார்கள் என்பதையே.

மலேசியாவில் நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை வாய்விட்டு வாசிக்கும் ‘தஃலீக்’ உறுதிமொழியிலும் இந்த நான்கு மாதம் வருகிறது. தொடர்ந்து நான்கு மாதம் மனைவியை விட்டுச் சென்றாலோ, நபகா கொடுக்காமல் இருந்தாலோ, அவள் ஷரீஅத் நீதிமன்றத்தில் முறையிட்டு நிரூபித்து மணவிலக்குப் பெறலாம் என்பது அதன் சாரம். மாப்பிள்ளைமார்கள் அதனைப் படபடவென்று வாசித்துவிட்டுப் பிரியாணிக்கு எழுந்துவிடுகின்றனர். என்ன வாசித்தோம் என்பதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்த்தல் நலம்.

இவையெல்லாம் கூறுவதனால் பிழைப்புக்காகப் பிரிந்து செல்வதே பாவம் என்று எவரும் எண்ண வேண்டாம். மனைவி மனம் இசைந்து, நபகாவும் தவறாமல் சென்றுகொண்டிருந்தால், அப்பிரிவை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் மனம் இசைய வேண்டுமானால் உள்ளதை உள்ளபடி அறிந்திருக்க வேண்டும். அறியாதவளின் சம்மதம் எப்படிச் சம்மதமாகும்?

நம் முன்னோர் கண்ட வழி

‘நம் பாட்டனார்கள் எல்லாம் மனைவியை ஊரில் விட்டுவிட்டுத்தானே சபர் வந்தார்கள்? குடும்பம் நடக்கவில்லையா?’ என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். 1926 முதல் 1973 வரை நாகப்பட்டினத்துக்கும் இக்கரைத் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் ஏறி வந்த சபுராளிகளில் பெரும்பாலோர் தனியாகவே வந்தனர். மூன்றாண்டு, நான்காண்டுக்கு ஒருமுறை ஊர் சென்று திரும்பினர்.

ஆயினும், அதற்கு ஊரிலே ஓர் ஏற்பாடு இருந்ததை மறந்துவிடலாகாது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் உண்டு. கணவன் கடல் கடந்து சென்றாலும் பெண் தன் சொந்தக் கூரையின் கீழ், தாய், சகோதரிகள், சிறிய தாய்மார் சூழ இருந்தாள். இன்று பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாப்பிள்ளையும் விமானம் ஏறிவிட்டால், முன்பின் அறியாத மாமியார் வீட்டில் அவள் தனியாள். பழைய வழக்கத்தின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டோம்.

முன்னோர் எல்லாரும் ஒரே வழியில் செல்லவுமில்லை. கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து வந்த நம் மக்கள் மனைவி மக்களோடு சிங்கப்பூருக்குக் குடியேறினர். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் அம்மாதர்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கியது நம் சமூக வரலாற்றில் பெருமைக்குரிய பகுதி. சிறிய அறையில், வறுமையில்தான் வாழ்ந்தனர். ஆனால் சேர்ந்து வாழ்ந்தனர்.

‘பிறகு அழைத்துக்கொள்ளலாம்’ என்று காலம் கடத்தியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1953 ஆகஸ்டு 1ஆம் தேதி வரை, பிரிட்டிஷ் பிரஜைகள் என்ற முறையில் இந்தியர் இங்கு வருவதற்குப் பெரிய தடை இருக்கவில்லை. அன்று புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்தது. அதிலும் இங்கு வாழ்வோரின் மனைவி மக்களுக்கு வழி விடப்பட்டிருந்தது. 1959இல் மலாயாவில் அவ்வழியும் சுருங்கிற்று; கணவனைப் பிரிந்து தொடர்ந்து ஐந்தாண்டு வாழ்ந்திருந்த மனைவியருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கடை இன்னும் சற்றுப் பெருகட்டும், தங்கைக்கு மணமாகட்டும் என்று ஒத்திப்போட்டவர்கள் திரும்பிப் பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது. விதிகள் நமக்காகக் காத்திருப்பதில்லை.

ஈரத் தானியம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்டு அதனுள் கையை நுழைத்தார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றான் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, வஞ்சிப்பவன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இச்செய்தியை நாம் வியாபாரத்துக்கு மட்டும் உரியது என்று எண்ணிக்கொள்கிறோம். ஒரு மரக்கால் தானியத்துக்கே இந்தச் சட்டமென்றால், ஒரு பெண்ணின் ஆயுட்காலத்துக்கு?

கலியாணப் பேச்சில் ஈரத் தானியம் எது? மாப்பிள்ளையின் பாஸ்தான். ‘சிங்கப்பூர் மாப்பிள்ளை’ என்ற ஒரு சொல்லிலேயே பெண் வீட்டார் மயங்கிவிடுகின்றனர். குடிமகனும் சிங்கப்பூர் மாப்பிள்ளை. நிரந்தரவாசியும் சிங்கப்பூர் மாப்பிள்ளை. இரண்டாண்டு ஒர்க் பெர்மிட்டில் இருப்பவரும் சிங்கப்பூர் மாப்பிள்ளை. மனைவியை அழைத்துக்கொள்ளும் விஷயத்திலோ இம்மூவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை.

சங்கத்துப் பெரியவர் ஒருவரிடம் யோசனை கேட்க வந்த வாலிபர் ஒருவரின் விஷயத்தைப் பெயர் சொல்லாமல் இங்கு எழுதுகிறேன். ஊரில் நிக்காஹுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

“தம்பி, உன் பாஸ் என்ன பாஸ்?”

“ஒர்க் பெர்மிட் காக்கா.”

“பெண் வீட்டில் கேட்டார்களா?”

“கேட்டார்கள். பாஸ் இருக்கிறது என்று சொன்னோம்.”

“குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாத பாஸ் என்று சொன்னீர்களா?”

“அது வந்து... உம்மாதான் பேசினார்கள் காக்கா. ஆறு மாதத்தில் கூட்டிக்கொள்வான் என்று சொல்லிவிட்டார்கள்.”

“நிக்காஹ் உம்மாவுக்கா, உனக்கா? பெண்ணின் வாப்பாவுக்கு இன்றைக்கே நீ போன் போடு. இங்கிருந்தே போடு.”

வாலிபர் போன் போட்டார். பெண்ணின் வாப்பா கோபிக்கவில்லை; மகளைக் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். இரண்டு நாள் சென்று பதில் வந்தது. பெண் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: வருஷத்துக்கு எத்தனை தடவை வருவீர்கள்? அதற்கும் பதில் சொல்லி, அவள் தன் தாய் வீட்டிலேயே இருப்பது என்றும் பேசி முடித்து, நிக்காஹ் நடந்தது. நிக்காஹின்போது ஒப்புக்கொண்ட நிபந்தனைகளே மற்றெல்லா நிபந்தனைகளைக் காட்டிலும் நிறைவேற்றப்படத் தக்கவை என்ற கருத்தில் ஹதீஸ் உண்டு. ஆகவே, நிறைவேற்ற இயன்றதை மட்டும் ஒப்புக்கொள்வதே அறிவுடைமை.

யார் அழைத்துக்கொள்ளலாம்?

சிங்கப்பூர்க் குடிமகனும் நிரந்தரவாசியும் தம் மனைவிக்கு ‘நீண்டகால வருகை அனுமதி அட்டை’ கேட்டு, குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம். மனைவி குடிமகளாக இருந்து கணவர் வெளிநாட்டவர் என்றாலும் இதே வழிதான். விண்ணப்பிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். கிடைத்தே தீரும் என்று எழுதவில்லை. மணமாகி எவ்வளவு காலம், மணம் உண்மையானதுதானா, ஆதரவாளருக்குக் குடும்பத்தைத் தாங்கும் வருமானம் உண்டா, குழந்தைகள் உண்டா, இருவரும் நன்னடத்தை உள்ளவர்களா என்பனவற்றைப் பார்த்து ஆணையம் முடிவு செய்கிறது. 2012இல் ஏற்படுத்தப்பட்ட ‘நீண்டகால வருகை அனுமதி பிளஸ்’ என்னும் அட்டை, குடிமகனை மணந்து குழந்தை பெற்றவர்களுக்கோ, மணமாகி மூன்றாண்டு ஆனவர்களுக்கோ கருதிப் பார்க்கப்படுகிறது. அதற்குத் தவணை சற்று நீளம். அரசாங்க மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் செலவிலும் சலுகை உண்டு.

வேலைக்கு வந்திருப்போர் நிலை வேறு. எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் உடையவர், நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி வாங்கினால், மனைவிக்குச் ‘சார்ந்திருப்போர் அட்டை’ கேட்கலாம். 2018 ஜனவரி முதல் இருந்து வரும் விதி இது. மனு செய்ய வேண்டியவர் முதலாளி. மிகைநேரச் சம்பளத்தைச் சேர்த்து ஆறாயிரம் காட்டிப் பயனில்லை. நிலையான சம்பளமே கணக்கு. இவ்வட்டையில் வரும் மனைவி வேலை செய்ய விரும்பினால், 2021 மே மாதத்திலிருந்து அவளுக்கென்று தனி வேலைப் பாஸ் வேண்டும். எஸ் பாஸ்காரர்களில் பலர் இந்த ஆறாயிரத்தை எட்டுவதில்லை என்பதையும் பெண் வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் மனைவியை அழைத்து உடன் வைத்துக்கொள்ள வழியே இல்லை. மலேசியாவில் தற்காலிக வேலைப் பாஸில் உணவகங்களிலும் தோட்டங்களிலும் வேலை செய்யும் நம்மவர்க்கும் அதே நிலைதான். இதை மறைப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. ஒர்க் பெர்மிட் உடையவர், அல்லது முன்னொரு காலத்தில் உடையவராக இருந்தவர், சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால், முன்கூட்டியே மனிதவள அமைச்சின் அனுமதி பெற வேண்டும். நிக்காஹ் சிங்கப்பூரில் நடந்தாலும் சரி, ஊரில் நடந்தாலும் சரி. பத்தாண்டுக்கு முன் இரண்டு வருஷம் கப்பல் பட்டறையில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய மாப்பிள்ளை, ‘அது பழைய கதை’ என்று வாயை மூடிக்கொண்டிருப்பார். இங்குள்ள பெண்ணின் வாப்பாவும் கேட்கமாட்டார். அனுமதி பெறாத நிக்காஹ் பின்னர் மாப்பிள்ளை உள்ளே வருவதற்கே தடையாக முடியலாம். ஆகவே மகளுக்கு அக்கரையில் வரன் பார்க்கும் பெற்றோர், ‘முன்பு சிங்கப்பூரில் வேலை செய்ததுண்டா, என்ன பாஸில்?’ என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும்.

நாள் குறிக்குமுன் கேட்டுக்கொள்ளுதல்

2015 முதல் சிங்கப்பூரில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. குடிமகன் ஒருவர் வெளிநாட்டுப் பெண்ணை மணக்கப் போகிறார் என்றால், நிக்காஹுக்கு முன்பே, அவளுக்கு நீண்டகால வருகை அனுமதி கிடைக்கத் தகுதி உண்டா என்று ஆணையத்திடம் மதிப்பீடு கேட்டுக்கொள்ளலாம். தகுதி உண்டெனில் அதற்கொரு கடிதம் தருகின்றனர். இது கட்டாயமன்று. கட்டாயமில்லை என்பதனாலேயே நம்மில் பலர் அதைக் கேட்பதில்லை.

நம்மிடையே வழக்கம் எப்படி? பெண் பார்த்தல், பரிசம், மண்டபத்துக்கு முன்பணம், பத்திரிகை அச்சிடுதல், நிக்காஹ், விருந்து. எல்லாம் முடிந்து லீவு தீர்வதற்கு மூன்று நாள் இருக்கையில்தான் ‘பாஸுக்கு என்ன செய்வது?’ என்று நினைவு வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பெண் பார்த்துப் பேச்சு ஏறக்குறைய முடிந்தவுடன் மதிப்பீட்டுக்கு மனுச் செய்து, பதில் வந்தபின் நாள் குறித்தல் சாலச் சிறந்தது. பதில் சாதகமாக இல்லாவிட்டாலும் கேடில்லை. இரு வீட்டாரும் விஷயம் தெரிந்து முடிவெடுப்பர். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி 2:282இல் அவ்வளவு விரிவாகப் பணித்த மார்க்கம், இத்தகைய முன்யோசனையை வெறுக்குமா?

மலேசியக் குடிமக்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் நிக்காஹ் செய்துகொண்டால் ஆறு மாதத்துக்குள் அதனைப் பதிவுசெய்ய வேண்டும் என்று கூட்டரசுப் பிரதேசங்களின் 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டம் கூறுகிறது. மற்ற மாநிலங்களில் இருப்போர் தத்தம் மாநிலச் சமய இலாகாவில் கேட்டுக்கொள்ளட்டும். அப்பதிவு இல்லாமல் மனைவிக்கு நீண்டகாலச் சமூக வருகை பாஸ் கேட்கச் செல்வது வீண் அலைச்சல்.

பெயரும் பத்திரமும்

மனுக்கள் தாமதமாவதற்கு வறுமையோ பகைமையோ காரணமன்று. பெரும்பாலும் பெயரே காரணம். சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

முகம்மது என்னும் திருப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுத நம்மவரிடையே எத்தனை விதம்! ‘ஓ’ போட்டு எழுதுவோர், ‘யூ’ போட்டு எழுதுவோர், நடுவில் ஓர் ‘எம்’ போடுவோர், இரண்டு போடுவோர், ‘ஈ’ வைத்து முடிப்போர், ‘ஏ’ வைத்து முடிப்போர், ‘எம்.ஓ.எச்.டி’ என்று சுருக்கிவிடுவோர். பெண்களின் பெயரோ இதனினும் மோசம். பிறப்புச் சான்றில் பாத்திமா பீவி. பள்ளிக்கூடச் சான்றில் பாத்திமா பேகம். ரேஷன் கார்டில் பாத்துமுத்து. நிக்காஹ் தப்தரில் லெப்பை தம் கைப்பழக்கப்படி எழுதிய வேறொன்று. ஊரில் எல்லாருக்கும் தெரியும் இவை நான்கும் ஒரே பெண் என்று. ஆணையத்து உத்தியோகஸ்தருக்கு நான்கு பெண்கள்.

இதனோடு நம் இனிஷியல் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஊரில் ‘எம்.கே.’ என்ற இரண்டெழுத்து போதும். பாஸ்போர்ட்டிலோ அது தகப்பனார் பெயராக விரிந்து, முன்பெயர் பின்பெயர் என்ற இரு கட்டங்களில் எதிலோ விழுந்து நிற்கிறது. சிங்கப்பூரில் பிறந்த மாப்பிள்ளைக்கோ ‘பின்’ சேர்ந்த பெயர். அவருடைய பெயர் இங்குள்ள அடையாளக் கார்டில் ஒரு விதமும் ஊர் தப்தரில் மற்றொரு விதமும் இருந்தால், தப்தரில் கையெழுத்திட்டவர் இவர்தாம் என்று நிரூபிக்க ஒரு பிரமாணப் பத்திரம் தேவைப்படும்.

பரிகாரம் எளிது. நிக்காஹ் நடக்கும் நாளன்று, இருவர் பாஸ்போர்ட்டையும் லெப்பையவர்கள் முன்னே விரித்து வைத்து, அதிலுள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே தப்தரில் எழுதச் சொல்ல வேண்டும். பிறந்த தேதியும் அவ்வாறே. வெட்கப்பட வேண்டாம். பத்து நிமிஷ வேலை. பத்து மாத அலைச்சல் மிச்சம்.

ஜமாஅத் தப்தரோடு நின்றுவிடவும் கூடாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி, எம்மதத்தவர் திருமணமாயினும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். ‘பள்ளியில் பதிந்தாயிற்றே’ என்று எண்ணிச் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போகாமல் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுகிறார். பிறகு இருவரும் சேர்ந்து போய்க் கையெழுத்திட அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டியதாகிறது. ஆகவே லீவு போடும்போதே இதற்கும் சேர்த்து நாட்கணக்குப் போடுக. சான்று தமிழில் இருந்தால் முறையான ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான ‘அப்போஸ்டில்’ முத்திரையை இந்தியா 2005 முதலும் சிங்கப்பூர் 2021 செப்டம்பர் முதலும் ஏற்று வருகின்றன. அதைக் கேட்டால் எங்கே பெறுவது என்று தெரிந்து வைத்திருப்பது நன்று.

கணவர் பக்கத்தில் சம்பளச் சான்று, மத்திய சேம நிதிக் கணக்கு, வருமான வரி மதிப்பீடு ஆகியவை கேட்கப்படும். முதலாளியிடம் பாதிச் சம்பளத்தைக் கையில் வாங்கிச் சேம நிதியைக் குறைத்துக் காட்டிய கெட்டிக்காரர்களுக்கு இவ்விடத்தில்தான் தொல்லை ஆரம்பமாகிறது. பெண்ணுக்கு மருத்துவப் பரிசோதனையும் உண்டு. மார்புப் படமும் இரத்தப் பரிசோதனையும் அதில் அடங்கும். இது எல்லாருக்கும் உள்ள விதி. இதனை அவமானமாகக் கருதிப் பெண் வீட்டார் மனம் கலங்க வேண்டியதில்லை. புகைப்படத்துக்கும் முக்காட்டை எடுக்க வேண்டியதில்லை; முகம் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

இவ்வளவையும் கணவரே தம் சிங்பாஸைக் கொண்டு வீட்டிலிருந்தபடி மனுவாக அனுப்பலாம். ‘எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது, உறுதியாக வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுக. அப்படி உறுதி கூற எவராலும் முடியாது. மனுவில் பொய் கூறுவது சிங்கப்பூரில் குற்றம். 4,000 வெள்ளி வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். பாஸுக்காகவே நடத்தப்படும் போலித் திருமணமோ 2012இல் தனிக் குற்றமாக்கப்பட்டது. பத்தாண்டு வரை சிறையுண்டு. பணத்துக்காகச் சாட்சிக் கையெழுத்துப் போடச் செல்லும் நம் பிள்ளைகள் இதனை அறிந்துகொள்ளட்டும்.

மனைவி வந்த பின்

அட்டை கையில் வந்தவுடன் கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணற்க. மனைவி இங்கு தங்கியிருப்பது கணவனுடைய ஆதரவுக் கையெழுத்தைப் பொறுத்தது. தவணை முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் அவனே ஆதரவாளன். இந்த நிலை அவன் கையில் ஒரு பெரிய அதிகாரத்தைக் கொடுத்துவிடுகிறது. வீட்டில் சிறு பிணக்கு ஏற்பட்டதும், ‘புதுப்பிக்கமாட்டேன்; ஊருக்கு மூட்டை கட்டு’ என்று மிரட்டுகிறவர்கள் நம்மில் இல்லாமல் இல்லை. மனைவியரோடு நல்ல முறையில் வாழ்க்கை நடத்துமாறு சூரத்துன் நிஸாவின் 19ஆம் ஆயத்து பணித்திருக்க, ஓர் அட்டையைச் சாட்டையாக்குவது பகிரங்கமான ஜுல்மு. அவ்வாறு மிரட்டப்படும் சகோதரி வாய்மூடிக் கிடக்க வேண்டியதில்லை. பள்ளிவாசல் இமாமிடமோ, சங்கத்து மாதர் பிரிவினரிடமோ, குடும்பச் சேவை நிலையத்திலோ சொல்லலாம். மணவிலக்கோ மரணமோ நேர்ந்தவர்களின் நிலையை, குறிப்பாகக் குடியுரிமையுள்ள குழந்தைகள் இருந்தால், ஆணையம் தனித்தனியே பரிசீலிக்கிறது. கணவன் போனால் மறுநாளே விமானம் என்று எவரேனும் அச்சுறுத்தினால் நம்பிவிட வேண்டாம்.

வேலைக்குச் செல்ல விரும்பும் மனைவிக்கு மனிதவள அமைச்சின் சம்மதக் கடிதம் தேவை. அது வருமுன் உறவினர் கடையில் ‘சும்மா உதவிக்கு’ என்று கல்லாவில் உட்கார வைப்பது அவளுக்கும் கடைக்காரருக்கும் ஆபத்து. இங்குள்ள பெண்ணை மணந்து அக்கரையிலிருந்து வரும் மாப்பிள்ளைக்கும் இது பொருந்தும். சம்மதக் கடிதம் கிடைக்கும்வரை அவர் சம்பாதிக்க இயலாது; நபகாவோ அவர் மீதே கடமை. அந்தச் சில மாதங்களை எப்படிச் சமாளிப்பது, மனைவி செலவழித்தால் அது அன்பளிப்பா கடனா என்பதை இருவரும் முன்கூட்டியே மனம்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். பின்னால் மாமனார் வீட்டில் கணக்குப் பார்க்கும் அவலம் வராது.

பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை இங்கும் ஒன்றைப் பெண்ணின் தாய் வீட்டிலும் வைக்க வேண்டும். அசல் நிக்காஹ் சான்று, பாஸ்போர்ட்டு, அட்டை ஆகியவை அவள் பெட்டியில் அவள் கையிலேயே இருக்கட்டும். கணவர் கடைப் பெட்டகத்திலோ மாமியார் அலமாரியிலோ அல்ல. அட்டை முடியும் தேதியை அவளும் அறிந்திருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணாயின் முதல் வாரத்திலேயே அவளைத் தன்னந்தனியே பேருந்தில் ஏற்றி, அருகிலுள்ள பள்ளிவாசலுக்கும் பொது மருந்தகத்துக்கும் போய்வரப் பழக்குக. தெரியாத பெண்ணாயின், நம் மாதர் வகுப்பு அவளுக்காகவே நடக்கிறது. கொண்டுவந்து சேர்ப்பது கணவர் பொறுப்பு.